வலிக்கு ஒரு பெயர்

தகடூரை ஆண்ட அதியமான், நெல்லிக்கனியின் மகிமையைச் சொல்லாமலேயே அதை ஔவைக்குக் கொடுத்தான் என்று படித்திருக்கிறோம். மருந்தை அப்படிக் கொடுத்துவிடலாம். நோயின் பெயரை அப்படிக் கொடுக்க முடியாது; சொல்லித்தான் ஆகவேண்டும். சொற்களை நம்பிப் பிழைக்கிறவன் நான். ஆகவே, எப்படிச் சொல்வது என்கிற சங்கடத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அங்கே ஒருவர் நாள்பட்ட முதுகுவலி என்று வந்தால், "எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள்?" என்றும் கேட்டாக வேண்டும். சென்னை ராஜதானியின் நெல்லூர்ச் சீமையில் முதுகு விறைத்துப் போனவர்களை ஷார்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 1937-ல் காரணத்தை எழுதினார்கள். குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடு எலும்பில் படிந்ததுதான் காரணம். தருமபுரிக் கிணறுகள் பலவற்றிலும் அதே விஷம் இருந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தாகம் தீர்க்க மட்டும் வந்ததல்ல. இந்த நோயைத் தடுக்கவும் வந்தது.

ஆனால் எல்லா முதுகுவலிக்கும் தண்ணீர்மேல் பழி போட முடியுமா? 1934-ல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினார்கள். அன்று முதல் உலகத்துக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தது. நம் ஊரில் அது, "ஜவ்வு விலகிவிட்டது", "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று ஆயிற்று. 1994-ல் வேறொரு வேடிக்கை நடந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு டிஸ்க் எங்காவது பிதுங்கித்தான் இருந்தது!

இப்போது யோசித்துப் பாருங்கள். கேழ்வரகு வயலில் களை எடுக்கும் ஒருத்தியிடம், "தேய்ந்துவிட்டது" என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? அம்மிக்கல் தேய்வதுபோல் நாளுக்கு நாள் தேய்கிறோம் என்று பயந்து, குனிவதையே விட்டுவிடுவாள். அசையாத உடம்பில் தசை தளரும், வலி வளரும்.

1894-ல் லண்டனில் நான்கு நர்ஸுகள் சேர்ந்து, உடம்பு பிடித்துவிடும் தொழிலுக்குச் சங்கம் அமைத்தபோது, டாக்டர் உத்தரவின்றித் தொடக்கூடாது என்று விதி செய்தார்கள். கைக்கு வேலை இருந்தது; வாய்க்கு இல்லை. அந்தத் தொழில்தான் பிஸியோதெரபியாக வளர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இயன்முறை மருத்துவர் வீட்டுத் திண்ணைக்கே வரலானார். அவர் சொல்லும் சொல்லும் கூடவே வந்தது.

அந்தச் சொல் எப்படி இருக்கலாம்? "அம்மா, உங்க வலி நிஜம்தான். ஆனா முதுகு ஒண்ணும் ஒடிஞ்சு போகலை. தலைமுடி நரைக்கிற மாதிரி இதுவும் வயசோட வர்றது. கொஞ்சம் கொஞ்சமா நடங்க, குனிங்க. கால் மரத்து பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் கட்டினாலோ மட்டும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

புளோரைடு படிந்த முதுகுக்கு இந்த ஆறுதல் போதாது. எந்தப் பயிற்சியும் அதைக் கரைக்காது. அதையும் மறைக்காமல் சொல்லி, "பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பயம் காட்ட வேண்டிய இடம் கிணறு, முதுகு அல்ல.