மோட்டார் கொட்டகைக் கணப்பு

கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதிகளிலும், உறைபனிக் காலத்தில் வீட்டையடுத்த மோட்டார் கொட்டகையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சாதனம். கொட்டகையின் கன அளவையும், சுவர், கூரை, கதவு ஆகியவற்றின் வெப்பக்காப்பையும் ஆராய்ந்த பின்னரே இதனைத் தேர்ந்தெடுத்தல் உசிதம். மின்கணப்பு புகையற்றது, ஒரு கிலோவாட் திறன் மணிக்கு ஏறத்தாழ 3,412 பி.டி.யூ. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) உஷ்ணம் தரும், பெரியவற்றுக்கு 240 வோல்ட் தனி இணைப்பு வேண்டும். அகச்சிவப்புக் கணப்பு, காற்றைக் காட்டிலும் பொருள்களையும் மனிதரையும் நேரே சூடாக்குவதால், கதவு அடிக்கடி திறக்கப்படும் இடத்துக்கு உகந்தது. எரிவாயுக் கணப்பில், நிறமும் மணமுமற்ற நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடு உண்டாகக்கூடுமாதலின், புகைபோக்கி அவசியம்; பெட்ரோல் ஆவி காற்றினும் கனத்துத் தரையோரம் தங்குமாதலால், தீ மூட்டும் பகுதியைத் தரையிலிருந்து 18 அங்குலமேனும் உயர்த்தி அமைப்பது உயிர் காக்கும் நியதியாகும்.