அங்கோரா முயலும் மேட்டூர் வெயிலும்

மூன்று வருடங்களுக்கு முன் என் பேத்தி ஒரு வெள்ளை முயல் வாங்கி வந்தாள். பஞ்சு மூட்டைக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. பெயரும் பஞ்சு என்றே ஆயிற்று. விற்றவர் சொன்ன வளர்ப்பு முறை ஒரே வரிதான்: "கேரட் போடுங்க, போதும்." நாங்களும் நம்பிவிட்டோம்.

அங்கோரா ஜாதி என்று தெரிந்ததும் எனக்குப் புதுச்சேரிப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பிரெஞ்சில் முயலுக்கு இரண்டு சொற்கள். புதரில் தனியாக ஒண்டி, ஆபத்து வந்தால் ஓட்டம் எடுப்பது லியேவ்ர். மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது லப்பேன். லா ஃபோந்தேன் கதையில் ஆமையிடம் தோற்றது லியேவ்ர். நாம் இரண்டையும் முயல் என்றே சொல்கிறோம். நம் ஊர்க் கரட்டுக் காட்டில் இருப்பது லியேவ்ர் மட்டும்தான்; அதன் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பில் முடியோடு பிறக்கும். லப்பேன் குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, முடியும் இருக்காது. கூண்டில் வளர்ப்பதெல்லாம் இந்த லப்பேன் வம்சம். பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பக்கம்.

அங்கோரா என்பது துருக்கியின் தலைநகர் அங்காராவின் பழைய பெயர். அந்தப் பெயரில் நீள்முடி ஆடும் உண்டு, பூனையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்த முயல் பிரான்சில் பிரபலமாகிவிட்டது. புஃபோன் என்ற பிரெஞ்சு அறிஞர் தம் இயற்கை வரலாற்று நூலில் 1756ஆம் ஆண்டுத் தொகுதியில் இதற்குத் தனிப் படமே போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் முடியைப் பிடுங்கி எடுத்தார்கள். ஜெர்மானியர்கள் கத்தரித்து எடுத்தார்கள். இரண்டு நாட்டிலும் நோக்கம் நூல்தான்.

சாதாரண முயலுக்கு முடி சுமார் 5 வாரம் வளர்ந்து நின்றுவிடும். அங்கோராவுக்குச் சுமார் 14 வாரம் வளரும். தானாகத் தோன்றிய ஒரு மாறுதலை மனிதன் விடாமல் பொறுக்கி வளர்த்து நிலைக்க வைத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது வெட்டுவார்கள் என்ற ஏற்பாட்டில் உருவான உடம்பு இது. வெட்ட ஆள் இல்லையென்றால் அந்த முடியே அதற்கு வினை.

இந்தியாவில் இதை எங்கே வளர்க்கிறார்கள் என்று பாருங்கள். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அங்கோரா முயலை வளர்ப்பது இமாசலப் பிரதேசத்தில், குலு மாவட்டத்து கர்சாவில். குளிர்ப் பிரதேசம். நாங்கள் வளர்த்தது கத்திரி வெயில் கொளுத்தும் மேட்டூரில்! முயலுக்கு உடம்பு வியர்க்காது. காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் திண்டாட்டம்.

முதல் வருடம் முடியை வெட்டலாம் என்று என் மனைவி சொன்னாள். அழகு போய்விடும் என்று நான்தான் தடுத்தேன். மே மாதம் ஒருநாள் பஞ்சு சாப்பிடவில்லை. ஆபீஸ் பழக்கத்தில் ஒரு நோட்டில் எடை, தீனி, புழுக்கை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். புரட்டினால், நாலு நாளாகவே புழுக்கை சிறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. முந்தின நாள் முடியில் கோத்த மணி மாதிரி விழுந்திருக்கிறது. எழுதினேனே தவிர, படிக்கவில்லை. கோப்பில் குறிப்பு எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற புத்தி முப்பத்தைந்து வருடத்தில் ஊறிப்போனது.

கார் பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். டாக்டரம்மா விளக்கினார். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியை விழுங்கும். பூனை மாதிரி அதனால் வாந்தி எடுக்க முடியாது. நார்ச்சத்துள்ள புல் நிறையப் போனால்தான் குடல் ஓடி முடியும் வெளியே வரும். கேரட் இனிப்புப் பண்டம் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டுதான். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து. அடிவயிற்றில் சடை பிடித்த முடியைக் கத்தரித்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் மாலைதான் ஒரு புல்லைக் கடித்தது. அதுவரை பேத்தி என்னோடு பேசவில்லை.

இப்போது காய்ந்த கொழுக்கட்டைப் புல் எந்நேரமும் கூண்டில் இருக்கும். பற்கள் ஆயுள் முழுக்க வளர்வதால், தேய்வதற்கும் அதுதான் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீப்பு. மாசியிலேயே முடிவெட்டு, தோல் காகிதம் மாதிரி மெல்லியது, மெதுவாக வெட்ட வேண்டும். குளிப்பாட்டுவதே இல்லை. மதியத்தில் ஈரச் சாக்கும், பக்கத்தில் ஒரு மண்பானையும். பின்காலால் தரையில் தொம்மென்று தட்டினால் பயம் என்று அர்த்தம். பல்லை லேசாக நறநறத்தால் சந்தோஷம். பலமாக நறநறத்துக் குறுகி உட்கார்ந்தால் வலி. தன்னைத் தின்னும் பிராணிகளுக்கு நடுவே வாழ்ந்த வம்சம், நோயை மறைத்துத்தான் வைக்கும். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று பேத்தி கேட்டாள். சமவெளியில் வேண்டாம் அம்மா என்றேன். பஞ்சு இருக்கிறவரை சீப்பு என் பொறுப்பு. நோட்டும் நடக்கிறது, இப்போது தினமும் படிக்கிறேன்.