டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர்

கணினி, கைப்பேசி, பென் டிரைவ், கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டி ஆகியவற்றில் தங்கியிருக்கும் தடயங்களைச் சிதைக்காமல் எடுத்து, ஆராய்ந்து, நீதிமன்றம் ஏற்கும் வடிவில் முன்வைப்பவர் டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர். சைபர் தடயவியல் என்ற பெயரும் வழக்கில் உண்டு. பாதி வேலை ஆய்வக மேசையில், மீதி வேலை சாட்சிக் கூண்டில். இரண்டில் ஒன்றை மட்டும் கற்றவர் இத்தொழிலில் நெடுநாள் நிற்பதில்லை.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1984இல் காந்த ஊடகங்களை ஆராயத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆயினும் இத்தொழிலுக்குரிய மனப்பாங்கை உலகுக்குக் காட்டியவர் காவல்துறைக்காரர் அல்லர், ஒரு வானியலாளர்.

கிளிஃபர்டு ஸ்டோல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் தொலைநோக்கி வடிவமைப்பில் இருந்தவர். நிதி தீர்ந்ததும் அதே வளாகத்தின் கணினி மையத்துக்கு மாற்றப்பட்டார். 1986 ஆகஸ்டில் அவரிடம் வந்த வேலை, கணக்கில் இடித்த 75 சென்ட் எங்கே போனது என்று பார்ப்பது. கணினி நேரத்துக்குக் கட்டணம் வசூலித்த காலம் அது. யாரோ ஒருவர் ஒன்பது வினாடி பயன்படுத்திவிட்டுப் பணம் கட்டாமல் போயிருந்தார். அற்பத் தொகை என்று ஸ்டோல் தள்ளிவிடவில்லை. தோண்டத் தோண்ட, அனுமதியின்றி உள்ளே நுழைந்திருந்த ஒருவரின் நடமாட்டம் தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இத்துறையின் பாலபாடம். சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து முனையங்களையும் அச்சுப்பொறிகளையும் இரவல் வாங்கி, ஐம்பது இணைப்புகளில் ஒரே வார இறுதியில் மாட்டினார். வந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் விழுந்தது. நடந்ததையெல்லாம் நாள், மணியோடு குறிப்பேட்டில் எழுதினார். கணினிக்குள் எழுதினால் ஊடுருவியவர் படித்துவிடுவார். அவரை நெடுநேரம் இணைப்பில் நிறுத்திவைக்க, அமெரிக்க ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தைச் சேர்ந்தவை போன்ற போலி ஆவணங்களை உருவாக்கி வைத்தார். தொலைபேசித் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. அங்கே பிடிபட்ட மார்க்குஸ் ஹெஸ், திருடிய தகவல்களைச் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு விற்றவர் என்று 1990இல் தண்டனை பெற்றார். ஸ்டோல் இந்த அனுபவத்தை 1989இல் நூலாக்கினார். சான்றைக் கலைக்காமல் பார்ப்பது, பார்த்ததை நேரத்தோடு எழுதுவது ஆகிய இரண்டும் அவர் குறிப்பேட்டிலேயே இருக்கின்றன. டிஜிட்டல் தடயவியல் தொடங்கிய இடம் அந்தக் குறிப்பேடு என்றே கொள்ள வேண்டும்.

பொதுமக்கள் இத்துறையைக் கவனிக்க வைத்த வழக்குகளில் ஒன்று 2005இல் வந்தது. கான்சாஸ் மாநிலம் விச்சிட்டா நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற ஒருவன், பல ஆண்டு மௌனத்துக்குப் பின் காவல்துறைக்கு மீண்டும் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தான். பிளாப்பி வட்டு அனுப்பினால் தன்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டான். பயமில்லை என்று நாளிதழின் வரி விளம்பரம் மூலம் காவல்துறை பதில் தந்தது. பிப்ரவரி 16 அன்று உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு ஊதா நிறப் பிளாப்பி வந்து சேர்ந்தது. அவன் அதில் வைத்த செய்தி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. முன்பே அழித்திருந்த வேர்டு கோப்பு ஒன்று காட்டிக்கொடுத்தது. அதன் உள்விவரத்தில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்' என்ற பதிவும் கிடந்தன. அந்தத் தேவாலய நிர்வாகக் குழுவின் தலைவர் டென்னிஸ் ரேடர். மரபணுச் சோதனையும் ஒத்துப்போக, ஒன்பதாம் நாள் கைதானான்.

அழித்த கோப்பு எப்படிப் பேசியது? பத்திரப்பதிவு அலுவலகத்தில் அட்டவணையில் ஒரு வரியை அடித்துவிட்டுப் பத்திரத்தை அலமாரியிலேயே விட்டுவைப்பது போன்றதுதான் பழைய வட்டுகளில் நடக்கும் அழிப்பு. வேறு கோப்பு அந்த இடத்தில் வந்து அமரும்வரை பழையது அப்படியே கிடக்கும். திடநிலை வட்டுகளில் இந்த வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது; அழித்த இடத்தை வட்டே தன்போக்கில் துடைத்துக்கொள்கிறது.

ஆய்வின் ஒழுங்கு எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். மகஜர் எழுதிக் கைப்பற்றிய வட்டை நேரடியாகத் திறக்கக் கூடாது. எதையும் எழுதவிடாத ரைட் பிளாக்கர் வழியாக இணைத்து, பிட்டுக்குப் பிட்டு நகல் எடுத்து, நகலில்தான் ஆராய வேண்டும். மூலத்துக்கும் நகலுக்கும், உள்ளடக்கத்திலிருந்து பெறும் அடையாள எண்ணான ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஷா-256 முறையில் அது 64 குறிகள் கொண்ட எண். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும்.

இந்தியாவில் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னையில்தான் அமைந்தது. நஞ்சு ஆராய அமைத்த அம்மரபின் தொடர்ச்சியே இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை. டிஜிட்டல் தடயத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது வெகு பின்னர். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோது இந்திய சாட்சியச் சட்டத்தில் 65ஆ பிரிவு சேர்ந்தது. அது மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு தர வழிசெய்தது. 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம், இணையக் குழுவில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தி எழுதியவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் தண்டனை வழங்கியது. அப்பிரிவில் நாட்டின் முதல் தண்டனை அது. சான்றளித்த இணையப் பக்க நகல்கள் அவ்வழக்கில் சாட்சியமாக நின்றன.

அதன்பின் உச்ச நீதிமன்றம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், 2005இல், சான்றிதழ் இல்லாமலும் மின்னணுப் பதிவை ஏற்கலாம் என்றது. 2014இல் அன்வர் வழக்கில் சான்றிதழ் கட்டாயம் என்றது. 2018இல் ஷாஃபி முகமது வழக்கில் தளர்த்தியது. தவறான திருப்பம் அது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு அதைச் சரிசெய்தது: மூலக் கருவியையே உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டினாலன்றி, சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சான்றிதழில் ஹேஷ் மதிப்பு இடம்பெற வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவரோடு நிபுணர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நிகழ்விடத்துக்கே வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. இத்தொழிலுக்கு ஆள் தேவைப்படுவதற்கு இவ்விரு சட்டங்களும் ஒரு காரணம்.

மாநில, மத்திய தடய அறிவியல் ஆய்வகங்கள், காவல்துறையின் சைபர் பிரிவுகள், வங்கிகள், தணிக்கை நிறுவனங்கள் ஆகியவற்றில் பணி உண்டு. காந்திநகரில் தலைமையகம் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையும் இதற்கான முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம் உருவாக்கிய சைபர்செக் மென்பொருள் இந்திய ஆய்வகங்களில் புழங்குகிறது. சேருமுன் தொழிலின் சுவை அறிய விரும்புபவர், தன் சொந்தப் பென் டிரைவில் ஒரு கோப்பை அழித்துவிட்டு, ஆட்டாப்சி என்னும் மென்பொருளைக் கொண்டு அதை மீட்டுப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.