யூதக் காந்தி



நம் ரெட்டியார்சத்திரத்திலிருந்து கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மட்டாஞ்சேரி யூதர் தெருவையும் பார்த்துவிட்டு வருவார்கள். அங்குள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கொச்சி அரசர் தந்த இடத்தில், அரண்மனைக் கோயிலை ஒட்டியே எழுந்தது. அதன் மணிக்கூண்டை 1760-இல் கட்டித் தந்தவர் எசக்கியேல் ரகாபி என்ற வணிகர்.

ஆனால் அதே ஆலயத்தில், அடிமை வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரைத் தரையிலும் வாசற்படியிலும்தான் உட்கார வைத்தார்கள். அந்தப் பிரிவில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சேலம் என்றதும் மாம்பழ ஊர் என்று நினைக்காதீர்கள், அது அவர் பெயர்! சென்னையில் சட்டம் படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனவர்.

வைக்கம் போராட்டத்தைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதே அறவழியைத் தம் சொந்த ஆலயத்துக்குள் கொண்டுபோனார் சேலம். கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மக்கள் அவரை 'யூதக் காந்தி' என்றார்கள். பிறகு தம் மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர உதவினார். தாம் மட்டும் கொச்சியிலேயே இருந்துவிட்டார்.

கட்டிக் கொடுத்தவரின் பெயரை மணிக்கூண்டு சொல்லும். உட்கார இடம் வாங்கித் தந்தவரின் பெயரை நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகிறவர்கள் அந்த வாசற்படியையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.