கேட்டாலே முளைக்கும் கிளைகள்

ஒரு வலைத்தளத்தின் பதிவுக் கோப்பை வரிவரியாகப் படித்து, எந்த நாளில் எந்தப் பக்கம் எந்த நிலைக்குறியீட்டுடன் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ண வேண்டும். நாளுக்குள் பக்கம், பக்கத்துக்குள் 200, 404 போன்ற குறியீடு, அதற்கு நேரே எண்ணிக்கை: சாவிக்கு நேரே மதிப்பை வைக்கும் ஹாஷ், மூன்றடுக்கில். என்னென்ன பக்கங்கள் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. படிக்கப் படிக்கத்தான் அடுக்குகள் எழ வேண்டும். இந்த ஒரே வேலையைப் பெர்லிடமும் பைத்தானிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

பெர்லில் இது ஒற்றை வரி. மூன்று சாவிகளையும் அடுத்தடுத்து எழுதி, முடிவில் இரட்டைக் கூட்டல் குறி இட்டால் போதும். இடையில் இல்லாத ஹாஷ்களை மொழியே உண்டாக்கிக்கொள்ளும். 1994-இல் பெர்ல் 5 ரெஃபரன்ஸ்களைக் கொண்டுவந்தபோது உடன் வந்த இயல்பு இது. ஆட்டோவிவிஃபிகேஷன் என்று பெயர். தானே உயிர்பெறுதல் என்று பொருள். பைத்தானிலோ, ஹாஷுக்கு இணையான சாதாரண டிக்ஷனரியில் இப்படி எழுதினால் முதல் சாவியிலேயே கீஎரர் வந்து நிரல் நின்றுவிடும். பெர்ல் கேளாமலே கொடுக்கிறது. பைத்தான் கேட்டு வாங்கச் சொல்கிறது.

கேட்கும் வழி 2006-இல் வந்த பைத்தான் 2.5-இல் பிறந்தது. கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள டிஃபால்ட்டிக்டிடம், இல்லாத சாவியைத் தேடினால் எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று சொல்லிவைக்கலாம். ட்ரீ என்று ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம். அது திருப்பித் தருவது, அதே ட்ரீயை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு டிஃபால்ட்டிக்ட். இரண்டே வரி, எத்தனை அடுக்கு ஆழமும் கிடைத்துவிடுகிறது. பெர்லின் உள்ளுக்குள் மறைந்திருக்கும் வித்தை இங்கே கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வரிகள் இவை.

ஆனால் எண்ணத் தொடங்கியதும் இரண்டும் பிரிகின்றன. பெர்லில் கடைசிச் சாவிக்கு எதிரே இருப்பது வரையறுக்கப்படாத வெறுமை. அதன்மேல் ஒன்றைக் கூட்டினால், எச்சரிக்கைகூட இல்லாமல், அது 1 ஆகிறது. ட்ரீயில் கடைசிச் சாவிக்கு எதிரேயும் இன்னொரு டிஃபால்ட்டிக்டே முளைக்கிறது. அதனுடன் ஒன்றைக் கூட்டச் சொன்னால் டைப்எரர்தான். எண்ண வேண்டுமென்றால், மூன்றாம் அடுக்கில் முழு எண் என்று முதலிலேயே தீர்மானித்துக் கட்ட வேண்டும். பெர்லில் ஒரு மதிப்பின் வகையை அதைப் பயன்படுத்தும் வரி முடிவுசெய்கிறது: வளைந்த அடைப்புக்குறி வைத்தால் ஹாஷ், சதுர அடைப்புக்குறி வைத்தால் அரே. பைத்தானில் அதைப் பிறப்பிக்கும் ஃபங்ஷன் முன்னதாகவே முடிவுசெய்துவிடுகிறது. ஒன்று தாராளம், மற்றது கண்டிப்பு என்று வழக்கமாகச் சொல்வதைவிட இந்த வேறுபாடு ஆழமானது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு விலகி நிற்பவை ஒரே பள்ளத்தில் விழுவதுதான் வியப்பு. அந்த நாளில் அந்தப் பக்கத்துக்கு 404 உண்டா என்று கேட்கிறோம். பெர்லில் எக்ஸிஸ்ட்ஸ், பைத்தானில் இன். இரண்டுமே கடைசிச் சாவியைத் தொடாமல் நேர்மையாக இல்லை என்கின்றன. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் நாளும் பக்கமும் முளைத்துவிடுகின்றன! பிறகு அறிக்கை அச்சிட்டால், யாரும் வராத ஒரு நாள் வெற்று வரிசையாக வந்து நிற்கும். கேள்வி கேட்டதே தரவை மாற்றிவிட்டது. கேட்காமல் நேரே படித்தால் மட்டும் ஒரு படி வேறுபாடு: பெர்ல் கடைசிச் சாவிக்கு முன்னே நின்றுகொள்ளும், ட்ரீ கடைசிச் சாவியையும் உருவாக்கிவிடும். தப்பிக்கும் வழியிலும் ஒற்றுமை உண்டு. பெர்லில் ஒவ்வொரு அடுக்காக எக்ஸிஸ்ட்ஸ் கேட்டு இறங்கலாம். பைத்தானில் ஒவ்வொரு அடுக்கிலும் கெட் என்ற மெத்தடை அழைத்து இறங்கலாம். எண் இருக்கும் இடத்தை ஹாஷாக எண்ணி எழுத முயன்றால், ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பு முறையில் இயங்கும் பெர்லும் பைத்தானும் ஒருசேர மறுக்கின்றன.

தானே முளைக்கும் இந்த இயல்பை அணைக்கும் விதத்தில்தான் இரண்டின் உள்ளமைப்பு தெளிவாகப் புலப்படுகிறது. பெர்லுக்கு ஆட்டோவிவிஃபிகேஷன் என்ற பெயரிலேயே சிபேன் என்ற மாட்யூல் களஞ்சியத்தில் ஒரு மாட்யூல் உண்டு. அதை 'நோ' என்ற சொல்லுடன் அழைத்தால், படிக்கும்போதும் கேட்கும்போதும் நீக்கும்போதும் முளைப்பது நிற்கும். எழுதும்போது மட்டும் வழக்கம்போல் முளைக்கும். அந்தத் தடை, அது எழுதப்பட்ட நிரல் பகுதிக்குள் மட்டுமே செல்லும். அதே ஹாஷை வேறொரு கோப்பு தொட்டால் பழைய இயல்பு திரும்பிவிடும். பைத்தானில் இயல்பு தரவோடு ஒட்டியது. டிஃபால்ட் ஃபேக்டரி என்ற பண்பை நன் ஆக்கினால், அந்த டிஃபால்ட்டிக்ட் எங்கே போனாலும் இனி முளைக்காது; ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் ஃபேக்டரியைத் தனியே வைத்திருப்பதால், அடுக்கடுக்காக இறங்கி அணைக்க வேண்டும். ஆகவே எண்ணி முடித்ததும், பைத்தானில் முழு மரத்தையும் சாதாரண டிக்ஷனரிகளாக மாற்றி அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுப்பேன். பெர்லில் ஹாஷை அப்படியே கொடுத்துவிட்டு, அதைப் படிக்கும் கோப்பின் தலையில் அந்த ஒரு வரியை எழுதுவேன்.