மரக்காலும் மனசாட்சியும்

பெங்களூரில் கடை வைத்திருக்கிற நம்மவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு வேலை உண்டு. எலெக்ட்ரானிக் தராசுக்கு முத்திரை வாங்க வேண்டும். அலுத்துக்கொள்ளாத வியாபாரி கிடையாது, நானும்தான். ஆனால் இந்த முத்திரைச் சங்கதி ரொம்பப் பழசு.

மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் சமண முனிவர்களுக்குக் கொடையளித்தோரின் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு. அரசர்கள் அல்லர்; உப்பு வணிகன், அறுவை வணிகன் (துணி வியாபாரி), வெல்லப்பாகு விற்ற பாணித வணிகன், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகன். நிறுத்தும் அளந்தும் பிழைத்தவர்கள்!

இப்படிப்பட்ட இல்லறத்தாருக்குச் சமணம் விதித்த ஒழுக்கத்தைத் தமிழில் சொல்லும் நூல் அருங்கலச்செப்பு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவியது. கள்ளாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்கள் சொல்வது இந்த மரபு. களவுக்கு வழிகாட்டுவது, களவுப் பொருளை வாங்குவது, அரசு விதியை மீறுவது, நல்ல சரக்கில் மட்டத்தைக் கலப்பது, வாங்க ஓர் அளவும் விற்க ஓர் அளவும் வைத்துக்கொள்வது. குறைத்து அளப்பதைப் பொய்யோடு சேர்க்கவில்லை, திருட்டோடு சேர்த்திருக்கிறார்கள், கவனியுங்கள். "பில் போடாவிட்டால் எவ்வளவு?" என்று கேட்கிறோமே, அதுவும் மூன்றாவதில் வந்துவிடும். வாங்குகிறவரும் தப்ப முடியாது.

அரசனும் அளவைச் சொல்லித்தான் கொடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் தந்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. நெல்லுக்கும் ஆடவல்லான் என்றே ஒரு மரக்கால். அது இராசகேசரி மரக்காலுக்குச் சமம் என்பதையும் பொறித்துவைத்தார்கள். என் வார்த்தையை நம்பு என்று மாமன்னனே சொல்லவில்லை பாருங்கள்.

1958க்குப் பிறகு படிப்படியாக வீசை போய்க் கிலோ வந்தது. வந்தவாசிப் பக்கம் எங்கள் கடையில் நடந்ததை அப்பா சொல்லுவார். வீசை என்பது சுமார் 1,400 கிராம். அரை வீசை கேட்ட கிழவிகளுக்கு அரைக் கிலோ போட்டு, அரை வீசைக்கான காசை வாங்கினவர்கள் இருந்தார்களாம். அப்பா 700 கிராம் நிறுத்துப் போடுவார். கூட்டம் அவர் கடைக்கு வந்ததா என்றால், அப்படியொன்றும் வரவில்லை.

ஐந்தில் இரண்டாவதைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. 1987-இல் பெங்களூரில் பாத்திரக்கடை ஆரம்பித்த புதிது. ஒருவன் நான்கு பழைய பித்தளைக் குடங்களைப் பாதி விலைக்குக் கொண்டுவந்தான். யாருடையவை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே! ஒரு குடத்தின் கழுத்தில் தமிழில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. சீராக வந்த குடமாக இருக்கும். நம் ஊர்க்காரக் குடும்பம், இங்கேதான் எங்கேயோ இருந்திருப்பார்கள். விசாரித்திருந்தால் அகப்பட்டிருப்பார்கள்.

மறுநாள் நான்கையும் உருக்கப் போட்டுவிட்டேன். அருங்கலச்செப்பைப் படித்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கிறது.