குழுக் கொள்கைப் பொருள்

குழுக் கொள்கைப் பொருள் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி வலையமைப்பில் உள்ள கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஓரிடத்திலிருந்து நிருவகிக்க உதவும் விதிகளின் தொகுப்பு ஆகும். கடவுச்சொல்லின் நீளம், மென்பொருள் நிறுவல், தீச்சுவர் விதிகள் முதலியன இதன் வழியாக நடைமுறைப்படுத்தப்படுகின்றன. இது விண்டோஸ் 2000 இயங்குதளத்துடன் 2000 ஆம் ஆண்டில் அறிமுகமானது.

அமைப்பு

ஒவ்வொரு பொருளும் இரண்டு பகுதிகளாகச் சேமிக்கப்படுகிறது.

* கொள்கலன் - ஆக்டிவ் டைரக்டரி தரவுத்தளத்தில் உள்ள பதிவு.
* வார்ப்புரு - ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கிகளின் சிஸ்வால் கோப்புறையில் உள்ள கோப்புகள்.

இரண்டையும் ஒரே அடையாள எண் இணைக்கிறது. பதிப்பெண் இரண்டிலும் பதியப்படும். கணினிக்குரிய விதி மாற்றப்பட்டால் அவ்வெண் 1 கூடும். பயனருக்குரிய விதி மாற்றப்பட்டால் 65,536 கூடும். இரு பகுதிகளும் வெவ்வேறு முறைகளில் வழங்கிகளுக்கிடையே படியெடுக்கப்படுகின்றன. சில பழுதுகளுக்கு இதுவே காரணமாகும்.

பழுதுகள்

* துணையற்ற பகுதி: கொள்கலன் இருந்து வார்ப்புரு இல்லாமை, அல்லது வார்ப்புரு இருந்து கொள்கலன் இல்லாமை.
* பதிப்பு முரண்: இரு பதிப்பெண்களும் வேறுபடுதல். படியெடுப்பு முடியும்வரை சிறிது நேரம் இவ்வாறு இருப்பது இயல்பே.
* மறைந்த பொருள்: படிக்கும் அனுமதி மறுக்கப்பட்டதால் நிருவாகியின் பார்வைக்குப் புலப்படாமை. அனுமதியுள்ள கணினிகளில் அதன் விதிகள் தொடர்ந்து செயற்படும். ஊடுருவியவர்கள் தமது மாற்றங்களை மறைக்கவும் இவ்வழியைப் பயன்படுத்தக்கூடும்.
* அனுமதிக் குறைவு: சூன் 2016 பாதுகாப்பு இற்றைப்படுத்தலுக்குப் பின் பயனர் விதிகளும் கணினிக் கணக்கின் அனுமதியைக் கொண்டே பெறப்படுகின்றன. அக்கணக்கிற்குப் படிக்கும் அனுமதி இல்லையெனில் பயனர் விதிகள் செயற்படா.

கண்டறிதலும் திருத்தமும்

ஜிபிரிசல்ட் என்னும் கட்டளை, ஒரு கணினியில் எவ்விதிகள் செயற்பட்டன, எவை விலக்கப்பட்டன என்பதைக் காட்டும். நிகழ்வுப் பதிவேட்டில் காணப்படும் 1058 என்னும் எண், ஜிபிடி.ஐஎன்ஐ கோப்பைப் படிக்க இயலாமையைக் குறிக்கும்.

அடுத்து, இரு பகுதிகளையும் எல்லா வழங்கிகளிலும் ஒப்பிட வேண்டும். ஒரு வழங்கியில் மட்டும் வார்ப்புரு இல்லையெனில், பழுது பொருளில் அன்று, படியெடுப்பில் உள்ளது. அந்நிலையில் பொருளை நீக்கினால், நலமாக உள்ள படிகளும் எல்லா வழங்கிகளிலும் அழிந்துவிடும். வார்ப்புரு எங்குமே இல்லையெனில் காப்புப்படியிலிருந்து மீட்க வேண்டும். மறைந்த பொருளை, ஆள்கள நிருவாகி அதன் உரிமையைத் தம் கணக்கிற்கு மாற்றி, அனுமதியைத் திருத்தி மீட்கலாம்.

இயல்பாக அமையும் இரண்டு பொருட்களை மட்டும் டிசிஜிபிஓஃபிக்ஸ் கட்டளை தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். அவற்றில் பின்னர் செய்யப்பட்ட மாற்றங்கள் அழிந்துவிடுவதால், இக்கட்டளை இறுதி வழியாகவே கொள்ளத்தக்கது.